போத்ரும் கரையின் நீலப் பயணம்

துருக்கியின் தென்மேற்கு மூலையிலுள்ள போத்ரும், நூறாண்டுக்கு முன் மீனவரும் கடற்பஞ்சு எடுப்போரும் மட்டுமே அறிந்த துறைமுகம். அரசுக்கு வேண்டாதவர்களை அனுப்ப ஏற்ற இடம். ராணுவத்திலிருந்து ஓடியவர்கள் விசாரணையின்றிக் கொல்லப்பட்டதை எழுதியதற்காக, எழுத்தாளர் ஜெவாத் ஷாகிர் 1925இல் அங்கே நாடுகடத்தல் தண்டனையாக அனுப்பப்பட்டார். தண்டித்தவர்கள் எதிர்பாராதது, அவருக்கு ஊர் பிடித்துப்போனதுதான். தண்டனை முடிந்த பிறகும் தானாகவே திரும்பிவந்து, சுமார் கால் நூற்றாண்டு தங்கினார். ஊரின் பழம்பெயரைச் சேர்த்து 'ஹாலிகர்னாசஸ் மீனவன்' என்ற பெயரில் எழுதினார்.

1940களில் அவரும் இஸ்தான்புல் எழுத்தாள நண்பர்களும் கடற்பஞ்சுப் படகுகளில் அருகிலுள்ள கோகோவா வளைகுடாவைச் சுற்றத் தொடங்கினர். அறை கிடையாது, மேல்தளத்திலேயே படுக்கை. இருமுறை சுட்ட முறுகல் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ், குடிநீர், சோம்பு மணக்கும் ராக்கி ஆகியவை கரையிலிருந்து ஏறும். மீனுக்குக் கடல் பொறுப்பு. பிடித்ததைக் கரியில் சுட்டு, எலுமிச்சை பிழிந்து, ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டனர். சொகுசு என்று இதை யாரும் சொல்லமாட்டார்கள். அந்த நண்பர்களில் ஒருவரான அஸ்ரா எர்ஹாத் 1962இல் வெளியிட்ட நூலான 'மாவி யோல்ஜுலுக்', அதாவது 'நீலப் பயணம்', இவ்வழக்கத்தை நாடறியச் செய்தது.

செயற்கைப் பஞ்சு வந்ததும் கடற்பஞ்சு எடுக்கும் பழைய தொழில் நொடித்தது. படகு கட்டுவோர் 1970களிலிருந்து பயணிகளுக்காக அறைகளும் கழிப்பறைகளும் கொண்ட 'குலெத்' மரப்படகுகளைச் செய்தனர். பாய்மரம் இருந்தாலும் பெரும்பாலும் டீசல் எஞ்சின்தான் ஓட்டுகிறது. சமையற்காரரும் உடன் வருகிறார். எண்ணெய்க் கத்தரிக்காய், திராட்சை இலையில் மடித்த சோறு எல்லாம் மேசைக்கே வருகின்றன.