குறைந்த செலவில் ஓர் இசைத் தொகுப்பு: எதை முதலில் சேர்ப்பது?

இடம்பெயர்ந்தபோது வீட்டில் இருந்து எடுத்துச் சென்ற பொருட்களில் கசற்றுகளுக்கு இடம் இருக்கவில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை, அரிசி ஆகியவற்றுக்குப் பிறகுதான் மற்றவை. 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டவர்களில் பலர், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அந்தக் கசற்றுகளை விட்டுச் சென்றார்கள். வன்னியில் எஞ்சியவற்றில் பெரும்பகுதி 2009இல் அழிந்தது. ஆகவே பலருக்கு இன்று இசைத் தொகுப்பு என்பது பூச்சியத்தில் இருந்து தொடங்க வேண்டிய ஒன்று. பெரிய செலவில்லாமல் அதைச் செய்யலாம். வரிசை மட்டும் பிழைக்கக் கூடாது.

எதை முதலில்?

சினிமாப் பாடல்கள் நாளைக்கும் கிடைக்கும். திரும்பக் கிடைக்காதவை வேறு: கோயில் திருவிழாவில் யாரோ பதிவு செய்த நாதஸ்வரம், ஊர் நாட்டுக்கூத்து, பாடசாலை இசைவிழா, கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசற். இவற்றுக்கு ஒரே பிரதிதான் இருக்கும். அது இங்கு அழிந்திருந்தாலும், முன்னரே புலம்பெயர்ந்த உறவினர் வீட்டில் இருக்கலாம். கனடா, பிரான்ஸ், இங்கிலாந்தில் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இருக்கும் கொஞ்ச நேரத்தையும் பணத்தையும் முதலில் இவற்றுக்கே செலவிடுங்கள்.

கசற்றில் இருந்து கணினிக்கு

தேவையானவை: ஹெட்போன் துளை உள்ள பழைய கசற் பிளேயர், இரு முனையும் 3.5 மில்லிமீற்றர் உள்ள வயர், ஒரு கணினி. மடிக்கணினியில் ஒலியை உள்வாங்கும் துளை இல்லையென்றால் சிறிய யூ.எஸ்.பி. ஒலி அடாப்டர் போதும். அதன் மைக் துளை பெரும்பாலும் மோனோதான். பேச்சுக்கும் வீட்டுப் பதிவுக்கும் அது குறையில்லை.

நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்ட வேண்டாம். அது பிளேயரையும் அடுத்த கசற்றையும் கெடுக்கும். நல்ல நாடாவை முதலில் ஒரு தடவை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றுங்கள். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். ஒலியின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். அதிகம் ஏற்றிப் பதிந்து உடைந்த ஒலியைப் பின்னர் திருத்த முடியாது. குறைவாகப் பதிந்ததைக் கூட்டலாம்.

எந்த வடிவம்?

இறுவட்டுத் தரத்தில், சுருக்காத வேவ் கோப்பு ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்.பி. எடுக்கும். 60 நிமிடக் கசற்றுக்கு 600 எம்.பி.க்கு மேல். பிளாக் வடிவம் தரம் குறையாமல் அதை ஏறக்குறைய பாதியாக்கும். 128 கிலோபிற் எம்.பி.3 என்றால் 60 எம்.பி.க்குள் அடங்கும். ஒரே பிரதியாக உள்ளவற்றைப் பிளாக்கில் வையுங்கள். கைத்தொலைபேசியில் கேட்க எம்.பி.3 போதும். 128 கிலோபிற் பாட்டை 320 ஆக மாற்றுவதால் கோப்புத்தான் பெருக்குமே தவிர, இழந்த தரம் திரும்பி வராது.

பெயரும் இடமும்

‘ட்ராக் 01’ என்ற பெயரில் 500 கோப்புகள் இருந்தால் அது தொகுப்பு அல்ல. பாடியவர், நிகழ்வு, ஊர், ஆண்டு என்ற ஒரே ஒழுங்கில் பெயரிடுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் ‘1990க்கு முன்’ என்றாவது எழுதுங்கள்.

ஒரே இடத்தில் வைப்பது ஆபத்து என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மூன்று பிரதிகள் வையுங்கள்: கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறு ஊரிலோ நாட்டிலோ உள்ள உறவினரிடம் ஒன்று. பென் டிரைவை மட்டும் நம்பி வருடக்கணக்கில் அலுமாரியில் வைக்க வேண்டாம். மலிவு மெமரி காட்களில் போலிகள் உண்டு. 64 ஜீ.பி. என்று எழுதியிருக்கும், உள்ளே அவ்வளவு இருக்காது. வாங்கியதும் முழுவதும் நிரப்பி, கடைசிக் கோப்புத் திறக்கிறதா என்று பாருங்கள்.

இலவசமாகவும் சட்டப்படியும்

1996இல் தொடங்கிய இன்ரநெற் ஆக்கைவ் இணையத்தளத்தில் பழைய இசைத்தட்டுப் பதிவுகள் ஏராளம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்தில் ஈழத்து ஒலிப்பதிவுகளும் உள்ளன.

இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை, ஆக்கியவரின் ஆயுட்காலத்துடன் மேலும் 70 ஆண்டுகளுக்கு உண்டு. சொந்தக் கசற்றை வீட்டில் கேட்கப் பிரதி எடுப்பது வேறு. எல்லோருக்குமாக இணையத்தில் ஏற்றுவது வேறு. போர்க்காலப் பாடல்களில் இன்னும் கூடிய கவனம் தேவை. புலிகள் தொடர்பான பதிவுகளை முகநூலில் பகிர்ந்ததற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானவர்கள் உள்ளனர். பகிரும் முன் யோசியுங்கள்.

பதிவு செய்யும்போது வீட்டில் உள்ள மூத்தவர்களைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தவில் வாசிப்பவர் யார், இடையில் கேட்கும் குரல் எவருடையது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிந்து, அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். நாடா இன்னும் சில வருடம் தாங்கலாம். அந்தக் குரலை அடையாளம் சொல்பவர்கள் அதுவரை இருப்பார்கள் என்பது நிச்சயமில்லை.