பழைய டீசல் பிக்கப் வாங்கப் போறீங்களா? கடலூர், சிதம்பரத்தில் இன்ஜினுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது என்னென்ன?

கடலூர் துறைமுகத்தில் மீன், பண்ருட்டியில் பலாவும் முந்திரியும், சிதம்பரம், புவனகிரி பக்கம் நெல் மூட்டை. கடலூர் மாவட்டத்தில் சரக்கு என்றாலே முதலில் நினைவுக்கு வருவது பிக்கப் வண்டிதான். புது வண்டிக்கு முன்பணம் கட்ட முடியாத பலரும் தேடிப் போவது செகண்ட் ஹேண்ட் டீசல் வண்டியை. லோடு ஏற்றுவதோடு நிற்காமல், ஜெனரேட்டர் ட்ரெய்லர் இழுக்க, பழுதாகி நிற்கும் வண்டியைக் கட்டி இழுக்க என்றும் இதே வண்டியை நம்புகிறார்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "இன்ஜின் எப்படி இருக்கு?" என்றுதான். ஆனால், இன்ஜினைப் பணம் செலவழித்துச் சரி செய்துவிடலாம். உப்புக்காற்றில் அரித்துப்போன சேஸிஸையும், பெயர் மாறாத ஆர்.சி.யையும் அப்படிச் சரி செய்வது கஷ்டம். எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

சந்தையில் என்னென்ன வண்டிகள் கிடைக்கின்றன?

* டாடா ஏஸ்: 2005-ல் வந்தது. நம்மூரில் 'குட்டியானை' என்றால்தான் தெரியும். முதலில் வந்த டீசல் மாடலில் இருப்பது இரண்டு சிலிண்டர் இன்ஜின். தெருவுக்குள் புகுந்து வரும், மார்க்கெட் வேலைக்கு ஏற்றது. இழுவை வேலைக்கு இது ஆகாது.
* அசோக் லேலண்ட் தோஸ்த்: 2011-ல் வந்தது. மூன்று சிலிண்டர் டீசல். ஏஸை விடக் கூடுதல் லோடு தாங்கும்.
* மஹிந்திரா பொலேரோ பிக்கப்: 2.5 லிட்டர் டீசல் இன்ஜின். 1.3 டன், 1.5 டன், 1.7 டன் எனப் பல வகைகள் உண்டு. எந்த வகை என்பதை ஆர்.சி.யில் உள்ள எடையைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.
* டாடா யோதா: 2017-ல் அறிமுகமானது. பொலேரோ பிக்கப்புக்கு நேரடிப் போட்டி.
* இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ்: 2016-ல் இந்தியாவுக்கு வந்தது. நான்கு சக்கர இழுவை கொண்டது. விலையும் உதிரிபாகச் செலவும் மற்ற வண்டிகளை விட அதிகம்.

'ஒன்றரை டன் ஏற்றும் வண்டி ஒன்றரை டன் இழுக்குமா?'

இழுக்கும் என்று நினைப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் தப்பு. ஏற்றும் எடை வேறு, இழுக்கும் எடை வேறு. ஆர்.சி.யில் காலி வண்டியின் எடையும், லோடு உள்பட மொத்த எடையும் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருவது ஏற்றக்கூடிய எடை. ட்ரெய்லர் இழுக்கலாமா, எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு அந்த மாடலின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். கையேட்டில் இல்லை என்றால், 'இழுக்கும் சார்' என்று புரோக்கர் சொல்வதை நம்பிக் கொக்கி மாட்டக் கூடாது.

காரணம் எளிது. பின்னால் கொக்கியில் பாரம் இறங்கும்போது முன் சக்கரங்கள் லேசாகும். ஸ்டீயரிங் பிடிப்பு குறையும். பிரேக் போட்டால், தனி பிரேக் இல்லாத ட்ரெய்லர் வண்டியை முன்னால் தள்ளும். மேட்டில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் பிளேட் தேயும்.

கடற்கரை மணலில் படகு இழுக்கும் வேலைக்குப் பின் சக்கர இழுவை கொண்ட சாதா பிக்கப் ஒத்துவராது. காலியாக இருக்கும்போது பின்பக்கம் எடை குறைவு. மணலில் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது. அந்த வேலைக்கு டிராக்டரைப் பிடிப்பது இதனால்தான்.

ட்ரெய்லர் இழுக்க சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியில் ட்ரெய்லரையும் சேர்த்திருக்க வேண்டும். பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்த, நம்பர் இல்லாத ட்ரெய்லரை இழுத்துப்போய் விபத்து நடந்தால், இழப்பீடு கேட்டு வரும் வழக்கில் உரிமையாளர்தான் மாட்டுவார்.

பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது இரண்டு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பின்னால் வரும் வண்டியில் லைசென்ஸ் உள்ள ஒருவர் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

லோடு வண்டிக்குத் தனி பேட்ஜ் வேண்டுமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வாகனத்தை ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது.

கடலோர வண்டியில் முதலில் எங்கே பார்க்கணும்?

வண்டிக்கு அடியில். மீன் பெட்டி ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் தினமும் பாடி வழியாக சேஸிஸில் இறங்கியிருக்கும். கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, முடசல் ஓடை பக்கம் ஓடிய வண்டிகளில் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே இரும்பு தகடு தகடாக உரியும்.

* சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும், குறுக்குச் சட்டங்களையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பில் 'டங்' என்று சத்தம் வரும். அரித்த இடத்தில் மந்தமாகக் கேட்கும், துரு உதிரும்.
* லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் சேஸிஸில் சேரும் இடத்தில் விரிசல், புது வெல்டிங் இருக்கிறதா?
* பிரேக் ஆயில் செல்லும் குழாய்களில் துரு ஏறியிருக்கிறதா? அங்கே ஓட்டை விழுந்தால் பிரேக் பிடிக்காது.
* அடிப்பாகம் முழுக்கப் புதுசாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். துருவை மறைக்க எளிய வழி அதுதான்.
* சேஸிஸில் பொறித்த நம்பர் தெளிவாகத் தெரிகிறதா? ஆர்.சி.யில் உள்ள நம்பரோடு ஒவ்வொரு எழுத்தும் பொருந்த வேண்டும். துருவில் நம்பர் அழிந்திருந்தால் எஃப்.சி. எடுக்கும்போது சிக்கல்.
* பின்னால் இழுவைக் கொக்கி இருந்தால், அது எதில் பொருத்தியிருக்கிறது என்று பாருங்கள். பம்பரில் மட்டும் போல்ட் போட்டிருந்தால் ஆபத்து. கொக்கியைச் சுற்றி வளைவோ விரிசலோ இருந்தால், வண்டி ஏற்கனவே தாங்க முடியாத பாரத்தை இழுத்திருக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கடலூர் மாவட்டத்துக்கு வெள்ளம் புதிதல்ல. 2015 மழை வெள்ளம், 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த பெருவெள்ளம் எனப் பட்டியல் நீளும். அப்போது தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வர வாய்ப்பு உண்டு.

* சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். சேற்றுக் கறை கோடாகத் தெரியும்.
* சீட்டைத் தூக்கி, தரை விரிப்புக்கு அடியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள்.
* ஃபியூஸ் பெட்டியிலும் வயர் இணைப்புகளிலும் பச்சை நிறத்தில் பூத்திருந்தால் உஷார்.
* இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பழைய க்ளைம் விவரம் கேட்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அதுவே பதில்.

இன்ஜினில் என்ன பார்க்கணும்?

நாம் போகும் முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய இன்ஜின்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறதா, இன்ஜெக்டர் கோளாறா என்று பார்க்க வேண்டும். முடுக்கும்போது கரும்புகை அதிகம் தள்ளினால் இன்ஜெக்டர், டர்போ, ஏர் ஃபில்டர் பக்கம் பிரச்சனை இருக்கலாம். ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென அடிக்கக் கூடாது.

ஓட்டிப் பார்ப்பது காலி வண்டியில் வேண்டாம். கொஞ்சம் லோடு ஏற்றி, மேம்பாலம் ஏறி இறங்கிப் பாருங்கள். கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. பின்பக்கம் 'உய்ங்' என்று இழுத்தால் டிஃபரன்ஷியலில் தேய்மானம். இழுவை வேலை பார்த்த வண்டியில் முதலில் தேய்வது இவை இரண்டும்தான்.

பி.எஸ்.4-ஆ, பி.எஸ்.6-ஆ?

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வண்டிகளைத்தான் புதிதாகப் பதிவு செய்ய முடியும். அதற்கு முன் பதிவான பி.எஸ்.4 வண்டியை வாங்குவதிலும் ஓட்டுவதிலும் தமிழ்நாட்டில் தடை இல்லை. '10 வருடம் ஆன டீசல் வண்டி ஓட்ட முடியாது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது டெல்லி தலைநகரப் பகுதிக்கான உத்தரவு பற்றியது.

பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கும். நீண்ட தூரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். துறைமுகத்திலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து கடை என்று நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும். குறைந்த தூர வேலைக்கு வாங்குபவர்கள் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது நல்லது. ஃபில்டரையே கழற்றிவிட்ட வண்டியைத் தொடவே வேண்டாம்.

என்னென்ன பேப்பர் கேட்டு வாங்கணும்?

டி.என். 31 என்றால் கடலூர், டி.என். 91 என்றால் சிதம்பரம். நம்பரை எம்-பரிவாஹன் ஆப்பில் போட்டாலே எஃப்.சி., இன்ஷூரன்ஸ் முடியும் தேதிகள், கடன் நிலுவை பற்றிய பதிவு எல்லாம் தெரியும். இ-செலான் தளத்தில் அபராத பாக்கியையும் பார்த்துவிடலாம்.

* எஃப்.சி.: சரக்கு வண்டிக்கு 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். முடியும் தருவாயில் இருந்தால், விற்பவரே எடுத்துத் தரட்டும்.
* கடன்: ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதமும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். 'டியூ கட்டி முடிச்சாச்சு' என்ற வாய்வார்த்தை போதாது.
* பெர்மிட்: மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் பெர்மிட்டையும் பெயர் மாற்ற வேண்டும்.
* புதுச்சேரி வண்டி: பி.ஒய். நம்பர் வண்டி விலை குறைவாகத் தெரியும். ஆனால், தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு வரி, மறுபதிவு என்று எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.
* ஏல வண்டி: மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வண்டிகளைப் போலீஸ் ஏலம் விடுவது உண்டு. ஏலத்தில் எடுத்ததற்கான சான்று இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. இதற்குரிய விண்ணப்பம் படிவம் 32.

பெயர் மாற்றாமல் ஓட்டினால் என்ன ஆகும்?

ஸ்டாம்ப் பேப்பரில் அக்ரிமென்ட் எழுதி, படிவம் 29, 30-ல் தேதி போடாமல் கையெழுத்து வாங்கி, வருஷக்கணக்கில் ஓட்டுவது இங்கே சகஜம். இது வாங்குபவர், விற்பவர் இரண்டு பேருக்குமே ஆபத்து. வண்டி கை மாறினாலும், விபத்து நடக்கும்போது ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதாவது, எப்போதோ விற்ற வண்டிக்காகப் பழைய ஓனர் கோர்ட் ஏற வேண்டி வரும். வாங்கியவரோ தன் பெயரில் இல்லாத வண்டிக்கு க்ளைம் கேட்டு அலைய வேண்டி வரும்.

விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். பழைய ஓனரின் நோ க்ளைம் போனஸ் வாங்குபவருக்கு வராது.

கன்சல்டிங்கில் வாங்கலாமா, நேரடியாக வாங்கலாமா?

2023 ஏப்ரல் 1 முதல், பழைய வாகனம் வாங்கி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற டீலருக்குப் பழைய வண்டி விற்பனையில் கிடைக்கும் லாபத்துக்கு மட்டும் 18 சதவீத வரி. முழு விலைக்கும் 18 சதவீதம் என்று யாராவது கணக்குப் போட்டால் பில்லைக் கேளுங்கள். பதிவு பெறாத தனிநபர் தன் வண்டியை விற்றால் இந்த வரி கிடையாது.

பணம் கொடுக்கும் முன் 5 விஷயங்கள்

1. பழக்கமான மெக்கானிக்கோடு போய், வண்டியைக் குழி அல்லது லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள்.
2. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.
3. ஏற்றப்போகும் எடை, இழுக்கப்போகும் எடை இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு வண்டியைத் தேர்வு செய்யுங்கள். 2019 சட்டத் திருத்தப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.
4. டயர், பேட்டரி, கிளட்ச், எஃப்.சி. செலவுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்குங்கள். இருக்கும் மொத்தக் காசையும் விலைக்கே கொடுத்துவிட்டால், முதல் ரிப்பேரிலேயே வண்டி நின்றுவிடும்.
5. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, ஆர்.சி.யில் உங்கள் பெயர் ஏறியதை ஆப்பில் பார்த்த பிறகு மீதியைக் கொடுப்பதாக அக்ரிமென்ட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையாக விற்பவருக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை.