ரெட் போட்டால் மட்டும் போதுமா?

ஆவடியை அடுத்த சேக்காட்டில் ஒரு சாயந்திர நேரம் தெருவுக்குள் நடந்து பாருங்கள். எங்காவது ஒரு வாசலில், குண்டு பல்பு வெளிச்சத்தில், நாலு பேர் கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். 'டொக்'கென்று ஒரு சத்தம். உடனே ஒரு கூச்சல்: "ரெட்டு விழுந்துடுச்சு, ஃபாலோ போடுடா!"

நீங்களும் ஆடியிருப்பீர்கள். சரி, ஒரு கேள்வி. இந்த விளையாட்டில் இரண்டு தடவை உலகச் சாம்பியன் ஆன சென்னைக்காரர் யார்?

யோசிக்கிறீர்கள், இல்லையா? அவர் பெயர் மரிய இருதயம். 1991-ல் டெல்லியில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. பட்டம் அவருக்கு. 1995-ல் மறுபடியும் அவரே சாம்பியன். 1996-ல் மத்திய அரசு அர்ஜுனா விருது கொடுத்தது. கேரம் ஆடி அந்த விருதை வாங்கிய முதல் மனிதர் அவர்தான்.

'சுண்டுவதற்கு எதற்குப் பெரிய விருது?' என்று கேட்பவர்கள் உண்டு. நம் தெருக் கணக்கு வேறு. கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது, ரெட்டுக்கு ஐம்பது. எதைப் போட்டாலும் லாபம். போட்டியில் அந்தக் கதையே கிடையாது. வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, நடுவில் ஒரே ஒரு சிவப்பு. உங்கள் நிறத்தை மட்டும்தான் நீங்கள் போட வேண்டும். உங்கள் காய்கள் முழுவதும் தீர்ந்தபோது எதிராளியிடம் எத்தனை காய் மிச்சமோ, அத்தனைதான் பாயின்ட். சிவப்புக்கு வெறும் மூன்று! 25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அதோடு ஒரு கேம் முடிந்தது. ஆக, காயைப் போடுவது பாதி வேலைதான். அடுத்த காய்க்கு வழி பண்ணி வைப்பதும், எதிராளிக்கு வழியை அடைப்பதும் மீதி. பதினைந்து கிராமுக்கு மேல் போகாத ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டு, ஒரு தப்பும் செய்யாமல் மணிக்கணக்கில் இதைச் செய்ய வேண்டும்.

கொஞ்சம் ஸ்காட்லாந்து பக்கம் போய் வரலாம். அங்கே அலெக்ஸ் மார்ஷல் என்று ஒருவர். கூரைக்குக் கீழே, கம்பளம் விரித்த தரையில் பந்தை உருட்டுகிற இன்டோர் பௌல்ஸ் ஆட்டக்காரர். ஒற்றையரில் ஆறு முறை உலகச் சாம்பியன். அந்த விளையாட்டை பி.பி.சி. டி.வி.யில் காட்டியது. காமன்வெல்த் போட்டியில் புல்தரை பௌல்ஸுக்கு இடம் உண்டு. மார்ஷல் அதில் ஐந்து தங்கம் வாங்கினார். 2007-ல் பிரிட்டிஷ் அரசு எம்.பி.இ. பட்டம் கொடுத்துக் கௌரவித்தது.

உருட்டுகிறவருக்கு அத்தனையும் கிடைத்தது. சுண்டுகிறவருக்கு? கேரம் ஒலிம்பிக்ஸில் இல்லை. ஆசியப் போட்டியில் இல்லை. காமன்வெல்த்திலும் இல்லை. இத்தனைக்கும் சர்வதேச கேரம் சம்மேளனமே 1988-ல் நம் சென்னையில்தான் தொடங்கப்பட்டது!

இதன் வலியை அனுபவித்தவர் இளவழகி. வியாசர்பாடிப் பெண். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டும் தொழிலாளி. 2008-ல் பிரான்ஸின் கான் நகரத்தில் நடந்த உலகப் போட்டியில் மகளிர் சாம்பியன். ஜெயித்துத் திரும்பி வந்தது அதே எளிய வீட்டுக்கு. ஊர் முழுக்கக் கொண்டாட அவர் ஆடியது கிரிக்கெட் இல்லையே!

காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில், சென்னை ஆட்டோ டிரைவர் ஒருவரின் மகள் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்றிலும். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. மரிய இருதயம் முதல் பட்டம் வாங்கி முப்பத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மறுபடி சேக்காட்டுக்கே வருவோம். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போனால் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் வரும். ஒரு உலகச் சாம்பியனின் பேட்டை அது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார்கள். எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அடுத்த தடவை உங்கள் தெருப் பையன் போர்டில் பவுடர் தூவும்போது, "படிக்காம என்னடா விளையாட்டு" என்று அதட்டுவதற்கு முன்னால், இந்த மூன்று பெயர்களையும் ஒரு தடவை சொல்லிக் கொடுங்களேன். ரெட் மட்டும் போட்டால் செல்லாது சார். ஃபாலோவும் விழ வேண்டும். அவர்கள் ரெட்டைப் போட்டுவிட்டார்கள். ஃபாலோ நம் கையில்.