மனிதர்களோடு புதைக்கப்பட்ட நாய்க்குட்டி

வேட்டைக்காகவும் காவலுக்காகவும்தான் ஆதிமனிதன் நாயை வளர்த்தான் என்பது பொதுவான கருத்து. ஆனால் ஜெர்மனியில் பான் நகரின் ஓபர்காசல் பகுதியில் கிடைத்த ஒரு புதைகுழி வேறு கதை சொல்கிறது.

1914ஆம் ஆண்டு கல்குவாரித் தொழிலாளர்கள் கண்டெடுத்த அக்குழியில் ஓர் ஆண், ஒரு பெண், அவர்களுடன் ஒரு நாய் ஆகியோரின் எலும்புகள் இருந்தன. அவை சுமார் 14,000 ஆண்டுகள் பழமையானவை.

நாயின் பற்களை ஆராய்ந்து 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. அது ஏறக்குறைய ஏழு மாதக் குட்டி. 'டிஸ்டெம்பர்' என்னும் கொடிய நோயால் பல வாரங்கள் அவதிப்பட்டிருக்கிறது. மனிதர்களின் பராமரிப்பு இல்லாமல் அத்தனை நாட்கள் அது பிழைத்திருக்க முடியாது என்கின்றனர் ஆய்வாளர்கள்.

நோயுற்ற குட்டியால் வேட்டைக்கும் பயனில்லை, காவலுக்கும் பயனில்லை. ஆயினும் அதைப் பேணினார்கள். இறந்தபின் தம்மவரோடு சேர்த்தே புதைத்தார்கள். பயனை எதிர்பாராத பாசம் அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.