ஒரே அறை, ஒரே டீச்சர், ஒரு வழக்கு

‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி’ டிவி தொடரைப் பார்த்தவர்களுக்கு அதில் வரும் பள்ளிக்கூடம் ஞாபகம் இருக்கும். ஒற்றைக் கட்டடம், ஒரே டீச்சர், சின்னதும் பெரிசுமாக எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில். ஞாயிற்றுக்கிழமை அதுவே சர்ச். நம்ம ஊரில் ஓராசிரியர் பள்ளி என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். தொடரில் பார்க்க எல்லாம் அன்பாகவும் அமைதியாகவும் இருக்கும். நிஜத்தில் ஊர்ச் சண்டைகளும் அந்த அறைக்குள்தான் வந்து சேர்ந்தன. நெப்ராஸ்கா மாநிலத்தில் அப்படி ஒரு சண்டை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது.

முதலில், யாருமே இல்லாத புல்வெளியில் இத்தனை பள்ளிகள் எப்படி முளைத்தன என்று பார்த்துவிடலாம். பதில் நில அளவையில் இருக்கிறது. 1785-ல் அமெரிக்க அரசு மேற்குப் பக்க நிலங்களை அளக்க ஒரு சட்டம் போட்டது. ஆறு மைலுக்கு ஆறு மைல் என்று சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் 36 துண்டுகளாக்கினார்கள். ஒரு துண்டு 640 ஏக்கர். அதில் 16-ஆம் எண் துண்டு பள்ளிக்கு என்று எழுதி வைத்துவிட்டார்கள். பின்னாடி உருவான நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் 36-ஆம் எண்ணும் சேர்ந்துகொண்டது. அந்த இடத்திலேயே பள்ளி கட்ட வேண்டும் என்றில்லை. நிலத்தை விற்றோ குத்தகைக்கு விட்டோ வரும் பணம் பள்ளி நிதிக்குப் போகும். அதாவது, குடியேறிகள் வந்து இறங்குவதற்கு முன்பே காகிதத்தில் பள்ளிக்குப் பங்கு ஒதுக்கியாச்சு. இன்னொன்றையும் சேர்த்தே சொல்லணும். அது காலி நிலம் இல்லை. அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளிடமிருந்து எடுக்கப்பட்ட நிலம்.

1862-ல் ஹோம்ஸ்டெட் சட்டம் வந்தது. ஐந்து வருஷம் குடியிருந்து உழுது காட்டினால் 160 ஏக்கர் சொந்தம். 1863 ஜனவரி 1, சட்டம் அமலுக்கு வந்த முதல் நாள். அன்றைக்கே நெப்ராஸ்காவில் மனு போட்டவர் டேனியல் ஃப்ரீமன். பியாட்ரிஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் அவருடைய நிலம். அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் 1872-ல் ஒரு பள்ளிக்கூடம் எழும்பியது. அதற்குப் பெயரும் ஃப்ரீமன் பள்ளிதான். ப்ரெய்ரியில் மரம் அரிது என்பதால், புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கியே வீடும் பள்ளியும் கட்டிய காலம் அது. இதுவோ செங்கல் கட்டடம்.

இந்த மாதிரிப் பள்ளியை நடத்தியது தலைநகரத்து அதிகாரி இல்லை, அக்கம்பக்கத்து விவசாயிகள். அவர்களே ஓட்டுப் போட்டு ஒரு சின்ன பள்ளி வாரியத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். டீச்சரை வேலைக்கு வைப்பது, சம்பளம் பேசுவது, அடுப்புக்கு விறகோ கரியோ வாங்கிப் போடுவது எல்லாம் வாரியத்தின் பொறுப்பு. டீச்சர் பெரும்பாலும் கல்யாணமாகாத இளம்பெண். மாணவர் வீடுகளிலேயே தங்கிச் சாப்பிடுவதும் உண்டு. எட்டு வகுப்புக்கும் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு வகுப்பாக முன் பெஞ்சுக்குக் கூப்பிட்டுப் பாடம் கேட்பார். மற்றவர்கள் சிலேட்டில் கணக்குப் போடணும். சின்னப் பிள்ளைகள் தங்கள் வேலையைச் செய்துகொண்டே பெரியவர்கள் பாடத்தையும் காதில் வாங்கிக்கொள்வார்கள்.

ஃப்ரீமன் பள்ளியில் பாடம் மட்டும் நடக்கவில்லை. அதுவே வாக்குச்சாவடி, அதுவே விவாதக் கூட்டம், அதுவே ஊர் விருந்து. ஆரம்ப காலத்தில் ஒரு லூத்தரன் சபை இதே அறையில் வழிபாடும் நடத்தியது. பல மைலுக்கு வேற பொது இடமே கிடையாதே!

இங்கேதான் பிரச்சினை. 1899-ல் எடித் பீச்சர் என்ற டீச்சர் பள்ளி நேரத்தில் பைபிள் வாசித்தார், ஜெபம் செய்தார், பிள்ளைகளோடு கீர்த்தனை பாடினார். ஃப்ரீமன் ஆட்சேபித்தார். வாரியம் டீச்சர் பக்கம் நின்றது. ஃப்ரீமன் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் தோற்றார், விடவில்லை. 1902-ல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் பிரிவு சார்ந்த போதனை கூடாது என்று மாநில அரசியல் சட்டமே சொல்கிறது, டீச்சர் செய்தது அதை மீறுகிறது என்றார்கள். அடுத்த வருஷமே ஒரு விளக்கமும் வந்தது. பைபிள் என்ற புத்தகத்துக்கே பள்ளியில் தடை இல்லை, அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி என்று. அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க இதே பிரச்சினையில் தீர்ப்புச் சொன்னது 1962, 1963-ல்தான். அறுபது வருஷம் முந்திவிட்டது இந்த ஒற்றை அறை.

யோசித்துப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை அதே அறையில் ஜெபம் செய்தால் யாருக்கும் சங்கடம் இல்லை, இஷ்டப்பட்டவர்கள் வருவார்கள். திங்கட்கிழமை காலையில் சம்பளம் வாங்கும் டீச்சர் செய்தால் கதை வேற. பிடிக்காத பிள்ளை எங்கே போகும்? பக்கத்து வகுப்பு கிடையாது, பக்கத்துப் பள்ளி மைல் கணக்கில் தள்ளி. பெரும்பான்மை அக்கம்பக்கத்தார் ஓட்டுப் போட்டு நடத்தும் பள்ளியில், ஒத்துப்போகாத ஒரே ஒரு குடும்பத்துக்கு என்ன பாதுகாப்பு என்பதுதான் ஃப்ரீமன் கேட்டது. நம்ம பள்ளியை நாமே நடத்தணும் என்று வாரியத்தார் நினைத்ததும் நியாயம்தான். இரண்டு நியாயமும் ஒரு அறைக்குள் அடங்கவில்லை.

நல்ல ரோடும் பஸ்ஸும் வந்தபோது இந்தப் பள்ளிகள் குறைய ஆரம்பித்தன. 1930 வாக்கில் அமெரிக்கா முழுக்க ஓராசிரியர் பள்ளிகள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். 1960-ல் சுமார் 20,000. 1970-ல் இரண்டாயிரத்துக்கும் கீழே. ஃப்ரீமன் பள்ளி 1967 வரை, 95 வருஷம் ஓடியது.

நெப்ராஸ்காவில் சண்டை அதோடும் முடியவில்லை. தொடக்கப் பள்ளி மட்டும் நடத்திய கிராமப்புற வாரியங்களைக் கலைத்துப் பெரிய வாரியங்களோடு சேர்க்க 2005-ல் ஒரு சட்டம் வந்தது. 2006 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். ஆனா அதற்குள் இணைப்பு நடந்து முடிந்துவிட்டது.

ஃப்ரீமனின் 160 ஏக்கர் இன்றைக்கு ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா. அவர் யாருடைய வாரியத்தை எதிர்த்து வழக்குப் போட்டாரோ, அந்தச் செங்கல் பள்ளிக்கூடமும் அதே பூங்காவின் ஒரு பகுதி. இப்போது நிலமும் பள்ளியும் ஒரே நிர்வாகத்தின் கீழ்.