அணுகுண்டுக்கு எதிரி, கூட்டணிக்கு நண்பர்: ராஜாஜியும் அமெரிக்க அதிபர்களும், 1953–1972

ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கியதும் இடதுசாரி மேடைகள் அவரை அமெரிக்காவின் ஆள் என்றன. சீனாவைத் தடுக்க மேலை நாடுகளோடு சேர வேண்டும் என்று அவர் எழுதியதைப் படித்தவர்களுக்கு அது சரியாகவே பட்டிருக்கும். ஆனால் 1962இல், 83 வயதில், வாஷிங்டனுக்குப் போய் அமெரிக்க அதிபரிடமே அணுச்சோதனையை நிறுத்தச் சொன்னவரும் அவர்தான். அமெரிக்க ஆதரவாளர் ஓர் அத்தியாயத்தில், காந்தியவாதி இன்னொரு அத்தியாயத்தில் என்று வரலாற்று நூல்கள் பிரித்துவிடுகின்றன. இரண்டும் ஒரே அரசியல் பழக்கத்திலிருந்து வந்தவை என்பதும், அந்தப் பழக்கம் திருச்செங்கோடு வட்டாரத்தில் உருவானது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பழைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் சேர்த்த பெரிய நிலப்பரப்பு. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்து, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதரும் மதுவிலக்கும் தீண்டாமை ஒழிப்பும் அங்கே அன்றாட வேலை. எழுத்தாளர் கல்கி உதவியாசிரியராக இருந்த ‘விமோசனம்’ பத்திரிகை அங்கிருந்துதான் வந்தது. ஒரு பத்திரிகை முழுக்க முழுக்கக் கள்ளுக்கும் சாராயத்துக்கும் எதிராகவே எழுதியது என்பது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். ராஜாஜி வேடிக்கைக்காக எதையும் செய்தவரல்லர்.

குமாரமங்கலமும் அதே திருச்செங்கோட்டு வட்டாரத்து ஊர். அதன் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். 1937இல் ராஜாஜியின் அமைச்சரவையிலும் இருந்தார். விடுதலைக்குப் பிறகு இந்தோனேசியாவுக்கு இந்தியாவின் முதல் தூதராகப் போனார். மகன்களில் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் ராணுவத்தின் தலைமைத் தளபதியானார். மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட் ஆனார். மகள் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார். அணிசேராமை, மேலை நாட்டுக் கூட்டணி, சோவியத் நட்பு என டெல்லியில் மோதிக்கொண்ட மூன்று கருத்துகளுக்கும் இந்த ஒரு வட்டத்துக்குள்ளேயே ஆள் இருந்தார்கள்.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. மாகாணத்தில் வேறெங்கும் இல்லாமல் இங்கே மட்டும் தொடங்கியது. பக்கத்து மாவட்டங்களில் கடைகள் திறந்தே இருந்தன. பக்கத்துக்காரனும் மூடட்டும், பிறகு நாங்கள் மூடுகிறோம் என்று அவர் காத்திருக்கவில்லை. கலால் வருவாய் போனது. அடுத்தடுத்து வேறு மாவட்டங்களுக்கும் மதுவிலக்கு விரிந்தபோது, ஈடுகட்ட 1939இல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. தவறு என்று தெரிந்ததை முதலில் நீ விடு, நஷ்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற இந்த முறையை, பதினைந்து ஆண்டுகள் கழித்து ராஜாஜி வல்லரசுகளுக்கும் பரிந்துரைத்தார். அவருடைய அணு எதிர்ப்பை மேலை நாட்டுச் சமாதான இயக்கங்களின் எதிரொலியாகப் பார்ப்பவர்கள் சேலத்தின் 1937ஐத் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

1953 இறுதியில் அமெரிக்கத் துணை அதிபர் ரிச்சர்ட் நிக்சன் ஆசியச் சுற்றுப்பயணத்தில் சென்னைக்கு வந்து முதல்வர் ராஜாஜியைச் சந்தித்தார். அணுவின் ரகசியத்தைத் தேடிப் போனதே தவறு என்ற கருத்தை அவரிடம் ராஜாஜி சொன்னார். நிக்சன் பின்னாளில் எழுதிய நூலில் இந்தச் சந்திப்பை வியப்போடு நினைவுகூர்ந்து, ராஜாஜியின் எண்ணங்களைத் தன் பேச்சுகளில் எடுத்தாண்டதாகவும் சொல்கிறார். வியப்பு வேறு, கொள்கை வேறு. பாகிஸ்தானுக்கு ஆயுத உதவி தரவேண்டும் என்று வாஷிங்டனில் அழுத்திப் பேசியவர்களில் அதே நிக்சனும் ஒருவர். 1954 பிப்ரவரியில் அதிபர் ஐசனோவர் நேருவுக்குக் கடிதம் எழுதி, அந்த ஆயுதங்கள் இந்தியாவுக்கு எதிராகப் பயன்படாது என்று உறுதியளித்தார். மே மாதம் அமெரிக்க–பாகிஸ்தான் பாதுகாப்பு உதவி ஒப்பந்தமும் செப்டம்பரில் மணிலாவில் தென்கிழக்கு ஆசியப் பாதுகாப்புக் கூட்டணியான சீட்டோவின் ஒப்பந்தமும் கையெழுத்தாயின. இந்தியாவில் அமெரிக்க அதிபரின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றிய வாதம் கட்சி மேடைகளுக்கு வந்தது இந்த ஓராண்டில்தான். பாகிஸ்தானுக்கான ஆயுத உதவியை நேரு அரசு கடுமையாக எதிர்த்தது.

கம்யூனிஸ்டுகள் முன்பே களத்தில் இருந்தார்கள். 1950இன் ஸ்டாக்ஹோம் வேண்டுகோளுக்காக அணுகுண்டுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கியவர்கள் அவர்கள். குண்டைப் பொறுத்தவரை ராஜாஜியின் நிலையும் ஏறத்தாழ அதுதான். ஆனால் 1952இல் முதல்வரானபோது கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று சட்டமன்றத்திலேயே அறிவித்தவர் அவர். அந்தக் கட்சியில்தான் தன் பழைய சகா சுப்பராயனின் மகனும் மகளும் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஒரே குண்டை எதிர்த்தவர்கள் ஒரே மேடையில் ஏறவில்லை; அன்றைய சமாதான அரசியலின் சோகம் அது.

1961 செப்டம்பரில் சோவியத் ஒன்றியம் சோதனைகளை மீண்டும் தொடங்கியது. அக்டோபர் 30 அன்று ஐம்பது மெகாடன் அளவிலான குண்டொன்றை வெடித்தது. அமெரிக்க அதிபர் கென்னடியின் அரசு 1962 ஏப்ரலில் பசிபிக்கில் வளிமண்டலச் சோதனைகளைத் தொடங்கியது. ஜூனில் காந்தி சமாதான நிறுவனம் டெல்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாட்டைக் கூட்டியது. அதன் தொடர்ச்சியாக ராஜாஜி, ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் மூவரும் அமெரிக்காவுக்குப் போனார்கள். அதுவரை மேலை நாடு எதற்கும் போகாதவர் ராஜாஜி.

செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் சந்திப்பு நடந்தது. ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிப் பேச்சு நீண்டது. ராஜாஜியின் கோரிக்கை எளிமையானது: ரஷ்யாவுக்காகக் காத்திராமல் அமெரிக்கா முதலில் நிறுத்தட்டும். சோதனையால் வரும் நச்சுத்தூசி எல்லை பார்த்து விழுவதில்லை. இந்தச் சண்டையில் பங்கே இல்லாத நாட்டு மக்களும் அதைச் சுவாசிக்கிறார்கள் என்பது உலகெங்கும் எழுந்த வாதம். கென்னடி தரப்பின் பதிலும் ஊரறிந்தது: மூன்றாண்டு நிறுத்தத்தை முதலில் முறித்தது மாஸ்கோ, சரிபார்க்கும் ஏற்பாடு இல்லாத வாக்குறுதியை எப்படி நம்புவது? இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் வாஷிங்டனின் கேள்வி வக்கீல் கேட்கவேண்டிய கேள்வி. சேலம் வக்கீலோ அதைக் கேட்காமல், கதவை முதலில் யார் திறப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உடனடிப் பலன் எதுவும் இல்லை. பசிபிக் சோதனைகள் நவம்பர் வரை நடந்தன. 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குக் கியூபா ஏவுகணை நெருக்கடியின் பயமே பெரிய காரணம். அதை ராஜாஜியின் கணக்கில் எழுதுவது மிகை. நிலத்தடிச் சோதனைக்கு அந்த ஒப்பந்தம் தடை போடவும் இல்லை. சுப்பராயன் இவற்றையெல்லாம் பார்க்கவில்லை. மகாராஷ்டிர ஆளுநராக இருந்தபோதே, 1962 அக்டோபர் 6 அன்று காலமானார்.

இரண்டு வாரம் கழித்துச் சீனப் படைகள் எல்லையைத் தாண்டின. நவம்பரில் நேருவே கென்னடியிடம் போர் விமானங்கள் கேட்டு எழுதும் நிலை வந்தது. ராஜாஜியின் இரண்டு குரல்களும் ஒன்றையொன்று சந்தித்தது இங்கேதான். 1964 அக்டோபரில் சீனா முதல் அணுகுண்டை வெடித்ததும், இந்தியாவும் குண்டு செய்யவேண்டும் என்ற கூச்சல் ஜனசங்கத்திலிருந்து காங்கிரஸின் ஒரு பகுதிவரை எழுந்தது. சுதந்திரா கட்சியில் மினு மசானி முன்வைத்த நிலை வேறு: நமக்குக் குண்டு வேண்டாம், மேலை நாடுகளின் பாதுகாப்புக் குடை போதும். குண்டே பாவம் என்றவரின் கட்சி, இன்னொருவர் குண்டின் நிழலில் ஒதுங்கலாம் என்றது. இது முரண்பாடுதான், அதை மறைக்க அவருடைய ஆதரவாளர்கள் செய்த சமாதானங்கள் எதுவும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. ஆனால் ராஜாஜியின் தர்க்கத்துக்குள் நின்று பார்த்தால் ஒன்று விளங்கும். மதுவிலக்கின்போதும் அவர் போலீசைக் கலைக்கவில்லை. ஆயுதத்தைக் கைவிடச் சொன்னவர் அரசின் காவலைக் கைவிடச் சொன்னதில்லை. வியட்நாமிலிருந்து அமெரிக்கா வெளியேறினால் தென்கிழக்கு ஆசியா சீனாவின் கைக்குப் போகும் என்று 1965இல் அவர் எச்சரித்ததும் இந்தக் காவல் தர்க்கத்தில்தான்.

அந்தத் தர்க்கத்துக்கு 1965 செப்டம்பரில், இந்திய–பாகிஸ்தான் போரில், சோதனை வந்தது. பஞ்சாபின் அசல் உத்தர் வயல்களில் இந்தியப் படை எதிர்கொண்டவை, 1954 ஒப்பந்தத்தின் வழியே பாகிஸ்தானுக்குப் போன அமெரிக்க பேட்டன் டாங்கிகள். ஐசனோவரின் உறுதிமொழிக்கு அதுதான் விடை. அப்போது ராணுவத் தலைமையகத்தில் தலைமைத் தளபதிக்கு அடுத்த நிலையில் இருந்தவர் சுப்பராயனின் மகன் குமாரமங்கலம். 1966இல் அவரே தலைமைத் தளபதியானார். அதிபர் ஜான்சன் இரண்டு நாடுகளுக்கும் ஆயுதம் தருவதை நிறுத்தினார். மறுபக்கம் பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தின் கோதுமையைக் கப்பல் கப்பலாக அளந்து அனுப்பி, டெல்லியின் வியட்நாம் பேச்சைக் கட்டுக்குள் வைக்கப் பார்த்தார். கூட்டணியின் நட்பு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்ற கேள்விக்கு சுதந்திரா கட்சியிடம் நல்ல பதில் இல்லை.

மோகன் குமாரமங்கலத்திடம் பதில் இருந்தது: சோவியத் நட்பு. 1966இல் சென்னை மாநில அட்வகேட் ஜெனரலாகி, பிறகு காங்கிரஸில் சேர்ந்து, 1971இல் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறைக்கு வந்தார். அந்த ஆகஸ்ட் 9 அன்று இந்திய–சோவியத் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. டெல்லியை அந்தப் பக்கம் தள்ளியவர், 1953இல் சென்னையில் ராஜாஜியின் பேச்சைக் கேட்டு வியந்த நிக்சன். அதிபராக அவர் சீனாவுக்குப் பாலம் கட்ட பாகிஸ்தானைப் பயன்படுத்தினார். கிழக்கு வங்கப் படுகொலைகளைக் கண்டும் காணாமல் இருந்தார். டிசம்பரில் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார்.

சுதந்திரா கட்சி 1971 தேர்தலிலேயே நொறுங்கிப்போயிருந்தது. மேலை நாட்டுக் கூட்டணிக்காக வாதாடிய கடைசிப் பெரிய குரல் ராஜாஜியோடு 1972 டிசம்பர் 25 அன்று ஓய்ந்தது. ஐந்து மாதத்தில், 1973 மே 31 அன்று, டெல்லி விமான விபத்தில் மோகன் குமாரமங்கலமும் இறந்தார். பொக்ரானில் இந்தியா தன் முதல் அணுகுண்டுச் சோதனையை நடத்தியது அதற்கு அடுத்த ஆண்டு, 1974 மே 18 அன்று.