சூல் ஈந்தவளும் மகவு ஈன்றவளும்

தாய் யாரென்பது ஐயத்துக்கு இடமற்றது. தந்தை யாரென்பதே நிறுவப்பட வேண்டியது என்னும் கொள்கை உரோமச் சட்டத்தினின்றும் ஐரோப்பியச் சட்ட மரபை வந்தடைந்ததாகும். கருவின் சூலைத் தந்தவளும் அக்கருவைச் சுமந்தவளும் ஒருத்தியே என்பது அதன் அடிப்படை. அவ்வடிப்படையைக் கேள்விக்குட்படுத்த நேர்ந்தது 1983ஆம் ஆண்டளவிலேயாம்.

எனினும் இதற்கு வித்திட்டவை முயல்களே. 1890இல் இங்கிலாந்தில் வால்ற்றர் ஹீப் என்பார் அங்கோரா இன முயலொன்றின் இரு முளையங்களை, தன்னினத்து ஆணுடன் கூடிய பெல்ஜிய இன முயலொன்றினுள் வைத்தார். அது ஈன்ற ஆறு குட்டிகளுள் நான்கு பெல்ஜிய இனத்தன, இரண்டு அங்கோரா. சுமந்தவளின் சாயல் அவ்விரண்டிலும் படியவில்லை.

1978இல் ஒல்டாம் நகரில் முதற் பரிசோதனைக்குழாய்க் குழந்தை பிறந்த பின்னரே, ஒருத்தியின் சூலை உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்து மற்றொருத்திக்கு அளிப்பது கைகூடுவதாயிற்று. மெல்பேர்ணில் மொனாஷ் பல்கலைக்கழகக் குழுவினர் 1983இல் இவ்வழியில் உண்டாக்கிய முதற் கருப்பம் கலைந்தது. அவர்கள் பின்னர், சூலகம் செயலிழந்த பெண்ணொருத்திக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ரரோன் ஆகிய ஓமோன்களை வெளியிலிருந்து ஊட்டிக் கருப்பையை ஆயத்தம் செய்து வெற்றி கண்டனர். சூலகமின்றியும் கருப்பை தன் கடமையைச் செய்யும் என்பது புலனாயிற்று.

அதே காலத்தில் கலிபோர்ணியாவில் ஜோன் பஸ்டர் குழுவினர் கையாண்ட முறை முற்றிலும் வேறானது. சூல் ஈபவளின் உடலுக்குள்ளேயே, பெறுபவளின் கணவனது விந்தைக்கொண்டு கருக்கட்டச் செய்து, ஏறத்தாழ ஐந்து நாட்களின்பின் கருப்பையைக் கழுவி முளையத்தை வெளியே எடுத்தனர். 1984 பெப்ரவரியில் இம்முறையாற் பிறந்த குழந்தை பற்றி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சத்திரசிகிச்சை வேண்டாமை இதன் சிறப்பென்றனர். ஆனால் கழுவலிற் சிக்காத முளையம் ஈந்தவளின் வயிற்றிலேயே தங்கி வளரக்கூடும். ஈய வந்தவளே கருவுற்றுத் தவிக்க நேரலாம். இத்தகைய முறைக்குக் காப்புரிமை கோரவும் முயன்றனர் என்பது, கொடை என்ற சொல்லையே ஐயுற வைக்கின்றது. கேளா ஒலியின் துணையுடன் ஊசியாற் சூலை எடுக்கும் வழி பரவியதும் கழுவல் முறை வழக்கொழிந்தது.

ஆய்வுக் கட்டுரைகளில் வைத்தியர்களின் பெயர்கள் நிலைத்தன. ஈந்தவர்களோ பெயரற்றவர்கள். தொடக்கத்தில் இவர்களுட் பலர், பிள்ளைப்பேறு வேண்டிச் சிகிச்சைக்கு வந்து தமக்கு மிகையான சூல்களைக் கொடுத்தவர்களே. முளையங்களை உறையவைத்துப் பேணும் நுட்பம் வந்ததும் அம்மிகையைத் தமக்கெனவே சேமிக்க அவர்களுக்கு வழி பிறந்தது. பின்னர் உறவினரையும் தோழியரையும், சில நாடுகளிற் பணம் பெறுவோரையும் நாட வேண்டியதாயிற்று.

சட்டம் பின்தொடர்ந்தது. மெல்பேர்ணைத் தலைநகராகக் கொண்ட விக்ரோறியா மாநிலம் 1984இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. பிரித்தானியாவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம், சுமந்தவளே தாய், வேறெவளும் அல்லள் என வரையறுத்தது. நம் மொழியில் ‘பெற்ற தாய்’ என்னும் தொடரும் சுமந்தவளையே சுட்டும். ஆயினும் பிள்ளைகள் வளர்ந்து வினவலாயினர். 2005 ஏப்ரல் முதல் பிரித்தானியாவில் ஈந்தோர், பிள்ளை பதினெட்டு வயதடைந்தபின் தம் பெயர் அதற்குத் தெரியவரும் என்பதை ஏற்றே ஈய வேண்டியவராயினர். விக்ரோறியா இன்னும் ஒருபடி சென்றது. 2017 மார்ச் முதல், எந்த ஆண்டிற் கொடை நிகழ்ந்திருப்பினும் பதிவேட்டிலுள்ள பெயரை அறியும் உரிமை பிள்ளைக்குக் கிடைத்தது. மறைவு காக்கப்படும் என்ற உறுதியின்மேல் முன்னர் ஈந்தவள், தன்னைத் தொடர்புகொள்ள வேண்டாமெனத் தடுக்கலாம்; பெயரை மறைக்க இயலாது.